நி-ஓலசுண்ட்: கைபேசியை அணைக்கச் சொல்வது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வடதுருவக் கப்பல் சுற்றுலா பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பனிப்பாறைகளையும் கப்பலின் விருந்துக் கூடத்தையும் ரசித்து விரிவாக எழுதியவர், நார்வேக்கு உரிய ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள நி-ஓலசுண்ட் என்னும் சிற்றூரை மட்டும், பார்க்க ஒன்றுமில்லாத இடம் என்றும், கைபேசியைக்கூட அணைக்கச் சொல்லிக் கெடுபிடி செய்கிறார்கள் என்றும் இரண்டு வரிகளில் முடித்துவிட்டார். ஓஸ்லோவில் பணிபுரியும் மகளின் தயவால் அதே ஊரில் மூன்று மணி நேரம் நடந்து பார்த்தவன், முப்பது ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தியவன் என்ற இரு உரிமைகளில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் கைபேசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு அருகே பிரண்டால் என்ற இடத்தில், 2018இல் திறக்கப்பட்ட புவி அளவீட்டு நிலையம் ஒன்று இருக்கிறது. பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள குவாசார்கள் எனப்படும், மிகுந்த ஆற்றலை உமிழும் விண்மீன்திரள் மையங்களிலிருந்து வரும் மிக நலிந்த ரேடியோ அலைகளை அதன் ஆன்டெனாக்கள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. உலகின் வேறு மூலைகளில் உள்ள ஆன்டெனாக்களும் அதே நேரத்தில் அதே குவாசாரைக் கேட்கின்றன. அலை ஒவ்வோர் இடத்தையும் வந்தடையும் நேரத்தில் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு, பூமி சுழலும் வேகத்தையும் கண்டத்தட்டுகள் நகர்வதையும் கணக்கிடுகிறார்கள். இந்த அளவீடு இல்லையென்றால், கட்டுரையாளரின் கைபேசியில் வழிகாட்டும் வரைபடமே நாளடைவில் தடுமாறத் தொடங்கும். வைஃபையும் புளூடூத்தும் இயங்கும் அலைவரிசை, அந்த ஆன்டெனாக்கள் கேட்கும் எல்லைக்குள்ளேயே வருவதால்தான் ஊரைச் சுற்றி 20 கிலோமீட்டர் தொலைவுக்கு அவற்றுக்குத் தடை. கப்பலின் வைஃபையும் இந்தத் தடைக்கு விலக்கல்ல. எங்களுடன் இறங்கிய ஒருவர் கைபேசியை முறையாக அணைத்துவிட்டு, காதில் கம்பியில்லாக் கருவியை மாட்டியபடியே நடந்தார். வழிகாட்டிப் பெண்மணி புன்னகை மாறாமல் அதையும் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். விமானப் பயன்முறைக்கு மாற்றினாலே போதும் என்று நானும் நினைத்திருந்தேன். இன்றைய கைபேசிகளில் அதன் பிறகும் புளூடூத் விழித்திருக்கக்கூடும் என்பதை அன்றுதான் அறிந்துகொண்டேன்.

பார்க்க ஒன்றுமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள இயலவில்லை. ஏறத்தாழ 79 பாகை வட அகலாங்கில் இருக்கும் இவ்வூர், நிலக்கரிக்காகப் பிறந்தது. கரி சுமந்த சிறிய ரயில் எஞ்சின் இன்றும் துறைமுகத்தின் அருகே நிற்கிறது. 1962 நவம்பர் 5 அன்று சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுரங்கம் நிரந்தரமாக மூடப்பட்டதுடன், மறு ஆண்டு ஆகஸ்டில் நார்வேயின் அரசே அதன் காரணமாக நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. நம் நாட்டுச் சுரங்க விபத்துகளை நினைத்துக்கொண்டு அந்த எஞ்சின் முன் சற்று அதிக நேரம் நின்றுவிட்டேன்.

ஊரின் ஓரத்தில் ஒரு இரும்புக் கோபுரம் நிற்கிறது. நார்வேயின் துருவப் பயணி ஆமுண்ட்சென், அமெரிக்கரான எல்ஸ்வொர்த், இத்தாலிய வான்கப்பல் வடிவமைப்பாளர் நோபிலே ஆகியோர் சென்ற 'நோர்கே' என்ற வான்கப்பலைக் கட்டிவைக்க எழுப்பப்பட்டது இது. 1926 மே மாதத்தில் அக்கப்பல் இவ்வூரிலிருந்துதான் புறப்பட்டு, வடதுருவத்துக்கு மேலே பறந்து அலாஸ்காவில் இறங்கியது. இரண்டாண்டுகளுக்குப் பின் நோபிலேயின் 'இத்தாலியா' என்ற வான்கப்பல் பனியில் விழுந்தபோது, அவரோடு மனக்கசப்பில் இருந்த ஆமுண்ட்சென் அவரைத் தேடிப் பறந்தார். நோபிலே மீண்டார், ஆமுண்ட்சென் திரும்பவில்லை. பனிக்கரடி வரக்கூடும் என்பதால் துப்பாக்கி ஏந்திய வழிகாட்டி இல்லாமல் அந்தக் கோபுரத்துக்குப் போக முடியாது.

ஊருக்குள் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பதும் கட்டுரையாளருக்கு எரிச்சலூட்டியிருக்கிறது. பாதையோரத்துத் தரையிலேயே ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிடுகின்றன. ஆண்டுதோறும் வடதுருவத்திலிருந்து தென்துருவத்தை ஒட்டிய கடல்வரை பறந்து திரும்பும் பறவை அது. கூட்டை நெருங்குபவரின் உச்சந்தலையில் கொத்தத் தயங்காது. என் தொப்பிக்கும் ஒரு கொத்து கிடைத்தது, பாதையிலேயே நடந்தும்கூட.

குளிர்காலத்தில் முப்பது பேரளவிலும் கோடையில் நூறு பேருக்கு மேலும் தங்கும் இவ்வூரில் ஏறக்குறைய எல்லாருமே ஆய்வாளர்கள் அல்லது அவர்களுக்கு உதவுபவர்கள். இந்தியாவின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையமும் 2008 ஜூலை முதல் இங்கேதான் இயங்குகிறது. கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை என்பதே என் பெரிய வருத்தம். ஊரின் எதிரே விரியும் கோங்ஸ்ஃபியோர்ட் என்ற, நிலத்துக்குள் நீண்டு புகுந்த கடற்பகுதியின் அடியில், 2014 ஜூலையில் 'இண்டார்க்' என்ற இந்திய அளவீட்டுக் கருவித்தொகுதி ஏறத்தாழ 190 மீட்டர் ஆழத்தில் நிறுவப்பட்டது. அதை உருவாக்கியதில் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பங்குண்டு. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீர் அந்தக் கடற்பகுதிக்குள் எவ்வளவு நுழைகிறது, துருவத்தின் மாற்றம் நம் பருவமழையோடு எப்படித் தொடர்புகொள்கிறது என்பவற்றை அறியவே இந்த முயற்சி. எதிர்க்கரையில் தெரியும் நிலத்தின் பெயரில் இன்றும் 'தீபகற்பம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது; அதை நிலத்தோடு இணைத்திருந்த பனியாறு பின்வாங்கிவிட்டதால் இப்போது அது தீவு. வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் சொல்லிப் புரியவைக்க முடியாததைக் கப்பல் தளத்திலிருந்தே காணலாம்.

ஆய்வுக் கட்டடங்களுக்குள் பயணிகளை விடுவதில்லை. பிறர் வேலைசெய்யும் இடத்துக்கு விருந்தாளியாகப் போகிறோம் என்று எண்ணினால் இதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

இன்னொரு திருத்தம். எவ்வளவு பெரிய கப்பலும் எங்கும் போகலாம் என்பதுபோல் கட்டுரை தோற்றம் தருகிறது. 2025 ஜனவரி முதல் ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் செல்ல முடியாது. பனிக்கரடியை நெருங்கவும் தொலைவு வரையறை உண்டு. முன்பதிவு செய்யும் வாசகர்கள் இதை அறிந்திருப்பது அவர்களது பணத்துக்கும் நல்லது.

இத்தொடரின் அடுத்த பகுதியில் கட்டண விவரங்களுக்கு அருகிலேயே, கரையிறங்குவதற்கு முன் வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைக்கும் முறையை ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறும், ஹிமாத்ரியில் தங்கிப் பணியாற்றித் திரும்பிய ஆய்வாளர் ஒருவரின் நேர்காணலைச் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பணி நிறைவுபெற்ற புவியியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.