இருபத்தைந்தாவது தொப்பி

அன்புள்ள எல்லாருக்கும்,

இதை ஆங்கிலத்தில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஏற்கெனவே ஒட்டிவிட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. தமிழில் சொன்னால்தான் எனக்கு நன்றி சொன்ன மாதிரி இருக்கிறது. உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. பரவாயில்லை, உங்கள் ஊருக்கு இங்கிலீஷ் டீச்சராக வந்து, உங்கள் மொழி சரியாகத் தெரியாத என்னை ஒரு வருஷம் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்!

ஆறு வயதுப் பிள்ளைகள் 24 பேர், மூன்று சுற்றுலா. மீன் காட்சியகமும் தீயணைப்பு நிலையமும் பெரிய சேதமில்லாமல் முடிந்தன. உயிரியல் பூங்காதான் கதை.

முதலில் என் சக ஆசிரியைக்கு. பெற்றோர் ஒப்புதல் படிவத்தில், 'பிள்ளைக்கு உடல்நலக் குறை உண்டா?' என்று ஒரே கேள்வி கேட்டிருந்தேன். நீங்கள் அதை அப்படியே மொழிபெயர்க்கவில்லை. வேர்க்கடலை, முட்டை, பால், தேனீக் கடி, பஸ்ஸில் வாந்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் போட்டீர்கள். "ஒவ்வாமையை யாரும் குறை என்று எழுத மாட்டார்கள்" என்றீர்கள். மூன்று பேருக்கு ஒவ்வாமை, ஐந்து பேருக்கு வாந்தி என்று டிக் விழுந்து வந்தது. அதில் ஒரு பிள்ளையின் அவசர ஊசியைத் தொடையின் வெளிப்பக்கத்தில், உடைக்கு மேலேயே குத்தலாம் என்று எனக்குப் பழக்கிவிட்டதும் நீங்கள்தான். நல்லவேளை, தேவைப்படவில்லை.

கூட வந்த நான்கு அம்மாக்களே, ஆசிரியைகள் எங்கள் இருவரோடு நீங்களும் சேர்ந்ததால்தான் ஒருவருக்கு நான்கு பிள்ளைகள் என்று கணக்கு சரியாக வந்தது. பஸ்ஸில் பொழுது போகட்டும் என்று நான் வண்ணம் தீட்டும் தாள்களைக் கொடுத்தேன். வாந்தி வரும் பிள்ளைகளைக் குனிய வைத்தால் என்ன ஆகும்? உடம்பு ஆட்டத்தை உணர்கிறது, கண்ணோ அசையாத தாளைப் பார்க்கிறது. தாள்களைப் பிடுங்கிவிட்டு, ஐவரையும் முன்னால் உட்காரவைத்து, தூரத்தில் பார்க்கச் சொன்னீர்கள். நான் சட்டைக்கு வெளியே குத்தியிருந்த பெயர் அட்டைகளையும் கழற்றினீர்கள். பெயர் தெரிந்தால் முன்பின் தெரியாதவரும் உரிமையாகக் கூப்பிடலாம் அல்லவா? பள்ளியின் போன் நம்பர் மட்டும் மணிக்கட்டில் ஏறியது. நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஏறும்போது, இறங்கும்போது, கழிப்பறைக்கு முன்னும் பின்னும் தலை எண்ணுவேன். குறைந்தால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருந்தேன். கூடினால்? ஒட்டகச்சிவிங்கி முன்னால் 25 வந்தது. மறுபடி எண்ணினேன், 25. அதே மஞ்சள் தொப்பியில் வேறு பள்ளிப் பிள்ளை ஒன்று எங்கள் வரிசையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பதறி ஓடிவந்த அந்த ஆசிரியை, என்னைத் திட்டியிருக்கலாம். கட்டிப்பிடித்தார். அவருக்கும் நன்றி.

வழிகாட்டி ஐயாவுக்கு: எட்டுப் பக்கப் பயிற்சித் தாளோடு வந்தேன், பிள்ளைகள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்தெலும்பு 7 தான் என்றீர்கள். 24 பேரும் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். அப்புறம் 'டச் யுவர் நெக்', 'ஸ்ட்ரெச் யுவர் நெக்' என்று நான் சொல்லச் சொல்ல, சிரித்துக்கொண்டே செய்தார்கள். கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்யும்போது மொழி உள்ளே இறங்கும் என்று சொன்ன உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷரைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள் நான். அதை நடத்திக் காட்டியது நீங்கள்.

கடைசியாக டிரைவர் அண்ணனுக்கு. உங்கள் மொழியில் 'அண்ணன்' எனக்குச் சரியாக வாயில் வருவதில்லை, மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுகிறேன். என் வகுப்பில் ஒரு சிறுமி நான்கு மாதமாக ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. புது மொழிக்குள் வரும் சில பிள்ளைகள் அப்படித்தான், வெகுநாள் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள். தெரிந்தும் கவலைப்பட்டேன். அன்று மதியம் பஸ்ஸுக்குத் திரும்பினோம். நீங்கள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அவள் படியில் நின்று, பின்னால் வந்தவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்… டிரைவர் ஈஸ் ஸ்லீப்பிங்" என்றாள்.

இதை மறுநாள் உங்களிடம் மொழிபெயர்த்துச் சொன்னபோது வெட்கப்பட்டீர்கள். பிறகு, அடுத்த முறையும் தூங்கட்டுமா என்று கேட்டீர்கள். தூங்குங்கள் அண்ணா, இன்னும் இரண்டு பேர் பேசாமல் இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் டீச்சர்