ஸ்பிரே பாட்டிலில் வாஷர் விவரம் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் திண்டுக்கல்லில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். செயின் கழுவ டீசலை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி வைத்தால் சில வாரங்களிலேயே விரலால் அழுத்தும் விசை இறுகிவிடுகிறது. பாட்டிலுக்கு ஒன்றும் ஆவதில்லை. மேல்பகுதிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்தான் டீசலில் ஊறி உப்பிவிடுகிறது. ரப்பர் வகைகளில் இ.பி.டி.எம். என்பது பெட்ரோல், டீசலுக்குத் தாங்காது. நைட்ரைல் டீசலுக்குத் தாங்கும், வைட்டான் இன்னும் நன்றாகவே தாங்கும். வீட்டில் பிளீச்சிங் கரைசல் தெளிப்பவர்களுக்கு வேறு தொல்லை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடிக்கும்.

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் எச்.டி.பி.இ. என்ற வகை பிளாஸ்டிக் என்று தெரிகிறது. அடிக்கடி கெட்டுப்போகிற மேல்பகுதியைப் பற்றி மட்டும் ஒரு எழுத்துகூட இல்லையே! வாஷர் என்ன ரப்பர், ஸ்பிரிங் என்ன உலோகம் என்று தயாரிப்பாளர்கள் அச்சிட வேண்டும். அப்புறம், மேல்பகுதியைத் தனியாகவும் விற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பைக் மெக்கானிக், திண்டுக்கல்