மோட்டார் ஆராய்ச்சி ஆழ்துளைக் கிணறு வரை செல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரியசக்தி பம்புசெட்டுகளுக்கு மத்திய, மாநில அரசுகள் மானியம் வழங்கி வருகின்றன. அந்த பம்புகளில் ஓடும் மோட்டார்களைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் நடக்க வேண்டிய, ஆனால் போதிய அளவில் நடக்காத ஆராய்ச்சி குறித்தே இக்கடிதம்.

கோவை வட்டாரத்தில் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு இன்று அபூர்வமல்ல. மேலே, சூரியத் தகடு தரும் நேர்மின்சாரத்தை (டிசி) மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர், கீழே நீர்மூழ்கி மோட்டார், இடையில் சுமார் 300 மீட்டர் கேபிள். இன்வெர்ட்டர் தருவது மின்வாரியத்தின் சீரான அலை அன்று. விநாடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடும் ஐஜிபிடி எனும் மின்னணு சுவிட்சுகள் வெட்டி வெட்டி அனுப்பும் மின்னழுத்தத் துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பும் ஒரு மைக்ரோ விநாடிக்கும் குறைவான நேரத்தில் உச்சம் தொடுவதால், நீண்ட கேபிளைக் கடந்து மோட்டாரின் டெர்மினலை அடைந்ததும் எதிரொலித்து, அங்கே ஏறத்தாழ இரு மடங்காகிறது. 600 வோல்ட் டிசியில் இயங்கும் இன்வெர்ட்டர், மோட்டார் முனையில் 1,200 வோல்ட் வரை எழுப்பக்கூடும். இதில் பெரும்பங்கைத் தாங்குவது, மோட்டாருக்குள் கம்பியால் சுற்றிய வைண்டிங்கின் முதல் சில சுற்றுகளே. இப்படிப் பழுதான மோட்டாரை ரீவைண்டிங் பட்டறையில் பிரித்தால், மற்ற காயில்கள் நன்றாயிருக்க, ஒரு காயிலின் தொடக்கச் சுற்றுகள் மட்டும் கருகியிருப்பதைக் காணலாம்.

இன்வெர்ட்டரை அடுத்து ஃபில்டர் வைத்தால் இந்த எழுச்சியை அடக்கலாம். ஆனால் அதற்கு விலையும் உண்டு, மின்னிழப்பும் உண்டு. சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் ஃபில்டர் எது, தண்ணீரிலேயே ஊறிக்கிடக்கும் வைண்டிங் வயரின் இன்சுலேஷன் இந்தத் துடிப்புகளை எத்தனை ஆண்டு தாங்கும் என்பவை முனைவர் பட்டத்துக்கு முற்றிலும் தகுதியான கேள்விகள். சிலிக்கான் கார்பைடு சுவிட்சுகள் இன்னும் வேகமானவை என்பதால், அவை பரவும்போது சிக்கல் கூடவே செய்யும்.

ஆனால் நான் மதிப்பிட்ட ஆய்வேடுகளில் பல, கணினி சிமுலேஷனோடு நின்றுவிட்டன. மோட்டாரை ஓட்டிக் காட்டியவற்றிலும் இன்வெர்ட்டருக்கும் மோட்டாருக்கும் இடையே சில அடி ஒயர்தான் இருந்தது. மாணவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பட்டத்துக்கான விதிகள் வெளியான ஆய்வுக் கட்டுரைகளைத்தான் எண்ணுகின்றன. மோட்டாரை இறக்கிப் பார்க்க அவர்களுக்கு ஒரு கிணறும் இல்லை.

இதற்கு மாறாக, நிரந்தரக் காந்தமே இல்லாத ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ் மோட்டாரை 1980இல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்சனும் அவரது குழுவினரும் மோட்டாரைச் செய்து, ஓட்டி, அளந்து காட்டினார்கள். அதைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல நிறுவனமும் தொடங்கினார்கள். 2025 ஏப்ரலில் சீனா, மின்வாகன மோட்டார்களில் பயன்படும் அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்து நம் மின்வாகனத் தொழிலை உலுக்கிய பிறகு, அந்த வகை மோட்டார் நமக்கும் தேவைப்படுகிறது. 1937இலேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டு மோட்டாரை உருவாக்கிக் காட்டிய ஊர் கோவை. மோட்டாருக்கான இரும்புத் தகடுகளை வெட்டி ஸ்டாம்பிங் அடிப்பவர் முதல் வைண்டிங் கட்டுபவர் வரை அத்தனை கைத்திறனும் இங்கே ஒரே ஊரில் கிடைக்கிறது.

எனவே, ஆயிரம் அடி சோதனைக் கிணறும், மோட்டாருக்குச் சுமை கொடுத்து அதன் திறனை அளக்கும் டைனமோமீட்டரும் கொண்ட பொது ஆய்வுக்கூடம் ஒன்றைத் தமிழக அரசு கோவையில் அமைத்து, எல்லாப் பொறியியல் கல்லூரிகளுக்கும் சிறு மோட்டார் உற்பத்தியாளர்களுக்கும் திறந்துவிட வேண்டும். மின்னியந்திர ஆய்வேடுகளில் உண்மையான சுமையில் எடுத்த அளவீடுகளைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும். பம்புசெட் மானியத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கை இதற்கெனப் பிரித்தாலே பணி தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பொறியியல் பேராசிரியர்,
பீளமேடு, கோவை.