கார் ஏசியில் கேஸ் ‘தீர்ந்துவிட்டது’ என்றால், அது எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கத்திரி வெயில் தொடங்கியதும் வேலூரில் கார் ஏசி பழுதுபார்க்கும் கடைகளின் வாசலில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. “கூலிங் வரவில்லை, அனல் காற்றுதான் வருகிறது” என்று சொல்பவருக்கு, பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, “கேஸ் தீர்ந்திருக்கும் சார், அடித்துவிடலாம்” என்ற பதில் கிடைத்துவிடுகிறது. அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனப் பிரிவில் பல ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு, ‘தீர்ந்துவிட்டது’ என்னும் அந்தச் சொல்லே உறுத்துகிறது. பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அன்று அது. கம்ப்ரசரில் அழுத்தப்பட்டு, கண்டன்சரில் சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாகி, எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகக் கூலிங் காயிலுக்குள் புகுந்து ஆவியாகி, மறுபடியும் கம்ப்ரசருக்கே திரும்பும் ஒரே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ரப்பர் குழாய்களிலும் கம்ப்ரசர் சீலிலும் ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயல்பு. ஒரே கோடையில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் பொருள்.

என் மகளின் சிறிய காரில் கடந்த ஆண்டு மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் மூன்று முறை கேஸ் அடித்திருக்கிறார்கள். மூன்றாவது முறை அடித்த சில வாரங்களிலேயே, சென்னையிலிருந்து திரும்பும் வழியில் பின்சீட்டில் பேரன் வியர்த்து அழுதுகொண்டே வந்த பிறகுதான் செய்தி என் காதுக்கு வந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். கேஜ் என்னும் அழுத்தமானியை மாட்டும் லோ சைடு (குறைந்த அழுத்தப் பக்க) வால்வின் பிளாஸ்டிக் மூடியைக் காணவில்லை. வால்வைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதன்மேல் புழுதி அப்பியிருந்தது. கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரசர் எண்ணெயும் சிறிது சேர்ந்தே வெளிவரும் என்பதால், அந்தக் கறுப்புக் கறையே பாதி விடை. துணி சோப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டேன். கடுகளவில் ஒரு குமிழி எழுந்தது, மெல்ல மிளகளவாகி உடைந்தது, உடனே அடுத்தது எழுந்தது. மூன்று முறையும் கேஸ் ஏற்றியது இதே வால்வின் வழியாகத்தான். கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் மீட்டெடுக்கும் இயந்திரம் உள்ள ஒரு கடையில் வால்வுக்குள் இருக்கும் ஊசியை மாற்றி, புது மூடியும் போட்டோம். ஊசியும் மூடியும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. இந்த மே மாதமும் அந்த வண்டியின் ஏசி அதே கேஸில்தான் ஓடுகிறது.

எல்லாப் பழுதுக்கும் கேஸ் காரணமும் அன்று. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும்போது குளிர்ந்து, கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றவுடன் சூடாகும் வண்டிக்குப் பெரும்பாலும் கண்டன்சர் ஃபேன் சுற்றவில்லை, அல்லது கண்டன்சரின் இடுக்குகளில் தூசி அடைத்திருக்கிறது. ஒரு பக்கம் குளிரும் மறுபக்கம் வெப்பமும் வந்தால், டாஷ்போர்டுக்குள் ஹீட்டர் காற்றைக் கலக்கும் மடல் சிக்கியிருக்கலாம். காற்றே குறைவாக வந்தால் முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். ஏசி பொத்தானை அழுத்தியதும் கம்ப்ரசர் கிளட்ச் ‘டக்’கென்று பிடிக்கவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, அழுத்த சுவிட்ச் ஆகியவற்றைச் சோதித்த பின்னரே கேஸைப் பற்றிப் பேச வேண்டும். ஏற்கெனவே சரியான அளவு கேஸ் உள்ள வண்டியில் மேலும் ஏற்றினால் அழுத்தம் கூடி, இருக்கும் குளிர்ச்சியும் குறையும், கம்ப்ரசரும் திணறும்.

கேஜ் முள்ளைப் பார்த்து நிரப்பும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது, உள்ளே சிறிதளவு திரவம் மீதமிருக்கும்வரை, முள் காட்டும் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே ஒழிய அளவைப் பொறுத்தது அன்று. 35 டிகிரி வெயிலில் நிற்கும் வண்டியில், கேஸ் நிறைவாக இருந்தாலும் பாதியே இருந்தாலும், முள் ஏறத்தாழ 115 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும். வண்டியை ஓடவிட்டு இருபக்க அழுத்தத்தையும் பார்த்தால் பழுதின் போக்கு தெரியும். ஆனால் சரியான அளவை எடை போட்டுத்தான் ஏற்ற முடியும். அந்த அளவு பானெட்டுக்கு அடியில் ஒட்டியுள்ள சீட்டில் கிராமில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஏற்றுவதற்கு முன் அரை மணி நேரமாவது வாக்யூம் போட்டு, அதாவது உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து, பம்பை நிறுத்திய பின் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே தங்கிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் குழாய்களையும் அரிக்கும்.

இது பணம் மட்டுமே சார்ந்த விஷயமும் அன்று. நம் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் உள்ள ஆர்-134ஏ என்னும் கேஸ் ஓசோனைக் கெடுப்பதில்லை என்றாலும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 1,300 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்குகிறது. ஒரு காரின் 450 கிராம் கேஸ் காற்றில் கலப்பது, ஏறத்தாழ 250 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். இவ்வகைக் கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி திருத்தம் என்னும் பன்னாட்டு உடன்பாட்டை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டிருந்தால் அந்த ஒப்புதல் தாளோடு நின்றுவிடும்.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை; அவர்களில் பலர் என் மாணவர்கள். நைட்ரஜன் ஏற்றி ஓட்டையைத் தேட இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், அதற்குக் கூலி கேட்டால் கொடுப்பவர் குறைவு. இருபது நிமிடத்தில் வண்டி வேண்டும் என்று நாம் அவசரப்படுத்தும்போது, கேஸ் அடித்து அனுப்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. ஆகவே வாசகர்கள் கசிவுச் சோதனைக்குத் தனிக்கூலி கொடுக்க முன்வர வேண்டும். கசிவு எங்கே இருந்தது, வாக்யூம் எத்தனை நிமிடம், கேஸ் எத்தனை கிராம் என்ற மூன்றையும் ரசீதில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். கேஸ் மீட்கும் இயந்திரத்தைக் கையாள, வேலையில் இருக்கும் மெக்கானிக்குகளுக்கு மாலைநேரக் குறும்பயிற்சி நடத்தும்படி அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அப்படியொரு வகுப்பு காட்பாடியில் தொடங்கினால், ஊதியமின்றிப் பாடம் எடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
காட்பாடி, வேலூர்.