கோட்டையில் இருந்து தொடங்கு

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆயாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. ஆபீஸில் இருந்து மூன்று பேரை அழைத்துக்கொண்டு சனி, ஞாயிறு வருகிறேன் என்று நீ எழுதியதில் இருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் அந்தக் கல்கத்தாப் பெண், "வேலூரில் ஆஸ்பத்திரியைத் தவிர வேறென்ன இருக்கிறது?" என்று கேட்டாள் என்றாயே, அது மனசிலேயே தங்கிவிட்டது. போனில் சொன்னால் பாதி மறந்துபோவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவள் கேட்டதில் தப்பில்லை. நாம் டிபன் கடை வைத்திருந்த பதினாறு வருஷமும் என் இட்லியைச் சாப்பிட்ட வெளியூர்க்காரர்கள் ஃபைலும் கையுமாக வந்தவர்கள்தான். கல்கத்தா, அசாம், வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ வந்து, லாட்ஜில் மாசக்கணக்கில் தங்கி ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பார்கள். வேலை இல்லாத நாளில், "தீதி, பார்க்கிற மாதிரி ஏதாவது இடம்?" என்று கேட்பார்கள். நடந்தே போகிற தூரம், கோட்டைக்குப் போங்கள் என்பேன். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். நீயும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எல்லோரும் செய்கிற மாதிரி தங்கக் கோயிலைப் பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் கோட்டை என்று வைத்துக்கொள்ளாதே.

சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். ஒரு வருஷம் அக்னி நட்சத்திரத்தில் மத்தியான நேரத்தில் ஒரு குடும்பத்தை அனுப்பிவிட்டேன். அவர்கள் வீட்டுப் பாட்டி கல் தரையில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து பதினோரு மணிக்கு மேல் யாரையும் நான் அனுப்பியதில்லை. இன்னொன்று, இரண்டாம் சனிக்கிழமையாக இருக்க வேண்டாம், மியூசியம் மூடியிருக்கும்.

அகழியைத் தாண்டி உள்ளே போனதும் நேராக ஜலகண்டேஸ்வரர் கோயில். கோபுரத்தைக் கடந்தால் இடது பக்கம் கல்யாண மண்டபம். அங்கே அவசரப்படுத்தாதே. தூணில் குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கும், யாளி நிற்கும், அதையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நீ அவர்களை அண்ணாந்து பார்க்கச் சொல். விதானத்தில் ஒரு தாமரை, அதைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பூவைக் கொத்துகிற மாதிரி செதுக்கியிருப்பார்கள். அத்தனையும் கருங்கல். சின்ன வயசில் அந்தக் கிளிகளை எண்ணி முடிக்காமல் நீ கிளம்ப மாட்டாய், ஞாபகம் இருக்கிறதா?

"சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு" என்று நம் ஊரைச் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். நானூறு வருஷத்துக்குப் பக்கமாக அந்தக் கருவறை வெறுமையாகவே இருந்தது. 1981 மார்ச்சில்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு அப்போது பத்து வயசு. எங்கள் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னே நின்றவர்களின் தலையும் கற்பூரப் புகையும்தான். ஆயா மட்டும் அழுதுகொண்டே இருந்தாள். அதைச் சொல் அவர்களுக்கு.

கோயிலை விட்டு வெளியே வந்தால் அதே மதிலுக்குள் மசூதியும் சர்ச்சும் இருக்கின்றன. திப்பு சுல்தானின் குடும்பத்தை இங்கேதான் காவலில் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் வெள்ளைக்காரர்களை எதிர்த்துச் சிப்பாய்கள் எழுந்தார்களே, அதுவும் இதே இடம். புதுத் தலைப்பாகையைப் போடு, நெற்றியில் குறி வைக்காதே, தாடியை எடு என்ற உத்தரவில் மூண்டது. ஆற்காட்டில் இருந்து குதிரைப்படை வந்து அன்றைக்கே அடக்கிவிட்டது. 1857 சிப்பாய்க் கலகத்துக்கு ஐம்பத்தொரு வருஷம் முந்தியது, உன்னோடு வருகிற பூனாப் பையனுக்கு இதைக் கட்டாயம் சொல். மக்கான் சந்திப்பில் அதற்கான நினைவுத் தூண் இருக்கிறது, போகிற வழியில் காட்டு. ராஜாவும் இல்லாமல் இல்லை. கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கன் 1832-ல் சாகும்வரை இங்கேதான் கைதி. அவர் சமாதி பாலாற்றங்கரையில்.

மத்தியானம் நம் வீட்டில் சாப்பாடு. ஹோட்டல் பேச்சே வேண்டாம். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வாங்கிப் புளி விட்டுக் கடைசல் செய்கிறேன். புவிசார் குறியீடு வாங்கிய காய், நெய் மாதிரி வெந்துவிடும். கேழ்வரகுக் களியும் கிண்டுகிறேன், பிடிக்காதவர்களுக்குச் சோறு. கல்கத்தாப் பெண்ணுக்கு மட்டும் ராத்திரி வேறு யோசனை. ஆஸ்பத்திரியைச் சுற்றி வங்காளிச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றனவே, கடுகெண்ணெயில் மீன் குழம்பு வைத்திருப்பார்கள். அவள் ஊர் எழுத்தில் போர்டைப் பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

நாலு மணிக்கு மேல் ஸ்ரீபுரம் தங்கக் கோயிலுக்குப் போங்கள். நட்சத்திர வடிவப் பாதையில் ரொம்ப நடக்க வேண்டும். விளக்கு போட்ட பிறகு பார்த்தால்தான் தங்கம் தங்கமாகத் தெரியும். அரை டிராயர் போட்டால் விட மாட்டார்கள், செல்போனும் கொண்டுபோகக் கூடாது. முன்கூட்டியே சொல்லி வை.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் திரும்புகிற வழியில் விரிஞ்சிபுரத்தில் இறங்குங்கள். மதிலழகுக்குப் பேர்போன கோயில். உள்ளே சாய்வாக ஒரு கல் இருக்கும், அரைவட்டமாகக் கோடும் எண்ணும் செதுக்கியிருக்கும். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் அதன் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. வெயில் வேண்டும், அதனால் விடியும் முன்னே போய் நிற்காதீர்கள். பத்து மணி சரியாக இருக்கும்.

அப்புறம் ஆம்பூர். பெயர்ப் பலகையைப் பார்த்துப் போகாதே, விறகடுப்பில் தம் போடுகிற கடையாகப் பார். சீரக சம்பா அரிசி, அரைத்த காய்ந்த மிளகாய் விழுது, அளவான மசாலா. ஏலக்காய், பட்டை வாசனை தூக்கலாக இருந்தால் அது ஆம்பூர் பிரியாணி இல்லை. கத்திரிக்காயும் தயிர் வெங்காயமும் கேட்டு வாங்கு. பன்னிரண்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள், நல்ல கடையில் அண்டா சீக்கிரம் காலியாகிவிடும்.

ஆற்காடு நேர் எதிர்த்திசை, உங்களுக்கு நேரம் இருக்காது. மக்கன் பேடாவை வெள்ளிக்கிழமை நானே போய் வாங்கிவருகிறேன். பார்க்க குலாப் ஜாமூன் மாதிரி இருக்கும், உள்ளே முந்திரி, பிஸ்தா, திராட்சை எல்லாம் வைத்திருக்கும். ஆளுக்கு ஒரு டப்பா கட்டித் தருகிறேன்.

பாலாற்றுப் பாலத்தில் காரை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல். 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடிய பாலாற்றை நானும் அப்பாவும் அங்கே நின்றுதான் பார்த்தோம். இப்போது மணல்தான். ஆனாலும் காட்டு.

கல்கத்தாப் பெண் காரம் தாங்குவாளா என்று மட்டும் கேட்டு எழுது, மிளகாயைக் குறைக்க வேண்டும்.

உன்
அம்மா