படுத்தால்தான் பணமா? காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தாருக்கு,

வணக்கம். என் மகளுக்கு 11 வயது. ஒன்றரை வருடமாகத் தொப்புளைச் சுற்றி வலி. பள்ளி வேன் வரும் நேரத்தில் சுருண்டு படுத்துவிடுவாள். குடல் ஏறியிருக்கிறது என்று என் அம்மா தட்டுகிறவரிடம் கூட்டிப்போனார், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். நான் ஸ்கேன் சென்டர்களுக்கு அலைந்தேன். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். என்னுடையதற்கு மட்டும் ரசீது உண்டு.

மூன்றாவதாகப் போன மருத்துவமனையில், "அட்மிஷன் போட்டா இன்ஷூரன்ஸ்ல எடுத்துக்கலாம் சார், ஓ.பி.ன்னா உங்க கைக்காசு" என்றார்கள். சரி என்றேன். மூன்று இரவு, எண்டோஸ்கோபி, இன்னொரு ஸ்கேன். எல்லாம் நார்மல். பில் 58,000 ரூபாய். அப்புறம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: பரிசோதனைக்காக மட்டுமே அனுமதிக்கப்பட்டதால் தொகை தர இயலாது, விலக்கு எண் 04. பாலிசியைப் புரட்டினால், எல்லாக் கம்பெனிகளுக்கும் நீங்கள் வகுத்துக் கொடுத்த வாசகம்தான் அது.

அந்த விதி தப்பென்று சொல்ல மாட்டேன். வெறும் டெஸ்ட்டுக்காகப் படுக்கவைப்பதைத் தடுக்கத்தானே அது. ஆனால் 24 மணி நேரம் படுத்தால்தான் பணம் என்ற இன்னொரு விதி எங்களை வார்டுக்குள் தள்ளுகிறது. உள்ளே போனதும் 04 கதவைச் சாத்துகிறது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் எல்லாம் நார்மல்தான். அவர் டிஸ்சார்ஜ் சம்மரியில் கேஸ்ட்ரைடிஸ், அதாவது இரைப்பை அழற்சி என்று எழுதியிருந்தது, பணம் வந்துவிட்டது.

கடைசியில் நோயின் பெயரைச் சொன்னவர் ஒரு குழந்தைகள் குடல்நோய் மருத்துவர். புதிதாக ஒரு டெஸ்ட்டும் எழுதவில்லை. எடை குறைந்ததா, மலத்தில் ரத்தமா, வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, காய்ச்சல், விடாத வாந்தி உண்டா என்று கேட்டார். உயரம் சரியாக ஏறுகிறதா என்று பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளிடம் பேசினார்: "இது ஃபங்ஷனல் வலிம்மா. குடல்ல புண் இல்ல. குடலுக்கும் மூளைக்கும் நடுவுல ஓடுற நரம்பு, சாதாரண அசைவைக்கூட வலின்னு சொல்லிடுது." அவள் கேட்டாள்: "அப்ப நான் பொய் சொல்லலைதானே?"

அந்த 25 நிமிடத்துக்கு 700 ரூபாய். நான் செய்த செலவில் உருப்படியானது அது ஒன்றுதான். எங்கள் பாலிசியில் அதற்கு இடமில்லை.

இது புது நோயல்ல. 1958இலேயே பிரிட்டனில் ஜான் ஏப்லி என்ற குழந்தைகள் மருத்துவர் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து, பத்தில் ஒருவருக்கு வயிற்றுவலி திரும்பத் திரும்ப வருகிறது என்று எழுதினார். பெரும்பாலோருக்கு உறுப்பில் கோளாறு எதுவும் கிடைக்கவில்லை. இந்த மாதிரி ஃபங்ஷனல் குடல் கோளாறுகளுக்குப் பல நாட்டு நிபுணர்கள் வகுத்து 2016இல் வந்த ரோம் 4 வரையறைப்படி, அறிகுறிகளைக் கேட்டு, தேவையான அளவு மட்டும் சோதித்து நோயைச் சொல்லிவிடலாம். சிகிச்சையும் பெரும்பாலும் பேச்சுதான்: நோயை விளக்குவது, வலியைச் சமாளிக்க மனநல ஆலோசகர் தரும் பயிற்சி. இதற்குப் படுக்கை எதற்கு?

ஓ.பி. சேர்த்த பாலிசிகளும் இருக்கின்றன, தெரியும். கூடுதல் பிரீமியம் கட்ட முடிந்தவர்களுக்கு. நான் கேட்பது சின்ன விஷயம். தொடர் வயிற்றுவலி என்று மருத்துவர் எழுதினால், வருடத்துக்கு ஆறு மருத்துவ ஆலோசனை, ஆறு மனநல ஆலோசனை, இவற்றை அடிப்படைப் பாலிசியிலேயே கட்டாயமாக்குங்கள். தடவைக்கு 700 என்றால் 8,400 ரூபாய். எங்கள் மூன்று இரவுப் பில்லில் ஏறக்குறைய ஏழு வருடம் ஓடியிருக்கும்.

நேற்றும் அவளுக்கு வலி வந்தது. சொல்லிக்கொடுத்தபடி மூச்சை எண்ணிக்கொண்டே வேனில் ஏறினாள்.

இப்படிக்கு,
ஒரு பாலிசிதாரர், மதுரை