சீனி இல்லாததுதானே என்று நாய்க்குக் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நல்லூர்த் திருவிழா நெருங்குகிறது. கனடா, லண்டன், சுவிஸ் என்று சனம் வந்து இறங்கும். சூட்கேசைத் திறந்தால் சொக்லேட் மணம்தான். அதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீரன் ஊர் நாய், 12 கிலோ. பூனைக்கு இனிப்பின் ருசியே தெரியாதாம், நாய்க்கு நன்றாகவே தெரியும். பிஸ்கற் பக்கற் உரியும் சத்தத்துக்கே கிணற்றடியிலிருந்து ஓடி வருவான். போன வருஷம் கனடாவிலிருந்து வந்த மச்சாள், சலரோகக்காரி என்று எனக்குச் சீனி இல்லாத சுவிங்கம் கொண்டுவந்து தந்தார். கதிரையில் வைத்த கைப்பையை வீரன் இழுத்துக் கிழித்துவிட்டான். நிலத்தில் கிடந்த தாள்களை எண்ணினேன், எட்டு. மச்சாள் பதறினார். “சீனி இல்லாததுதானே, ஒண்டும் செய்யாது” என்று சொன்னது நான்தான்.

அரை மணித்தியாலம் ஆகவில்லை, சத்தி எடுத்தான். பிறகு வெறிகாரன் போலத் தள்ளாடிப் போய் வேப்பமரத்தடியில் பின்னங்கால் மடிந்து விழுந்தான். கண் திறந்தபடி இருக்கிறது, கூப்பிட்டால் காது அசையவில்லை. நான் பதினொரு வருஷமாக இன்சுலின் ஊசி போடுகிறவள். சீனி இறங்கினால் கால் எப்படித் துவளும் என்று என் உடம்புக்குத் தெரியும். கண்முன்னே அதே துவளல், எனக்குப் பிடிபடவில்லை. பாம்பு கடித்துவிட்டதென்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. தெரிந்த மிருக வைத்தியர் ஒருவர் நல்லகாலத்துக்கு போனை எடுத்தார். பல் முரசில் தேனைத் தடவிக்கொண்டு உடனே வரச் சொன்னார். ஓட்டோவில் போகும்போது மடியில் வைத்துத் தடவிக்கொண்டே போனேன். மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஈரலுக்கும் இரத்தம் சோதித்தார்கள். தப்பிவிட்டான்.

அந்தச் சுவிங்கத்தில் இருந்தது சைலிற்றோல். எங்களுக்கு அது வெறும் இனிப்பு. நாயின் உடம்போ அதைக் கண்டதும் இன்சுலினைக் கொட்டிவிடுகிறது, இரத்தத்தில் இருக்கிற சீனியும் இறங்கிவிடுகிறது. அளவு கூடினால் ஈரலும் பழுதாகும். சீனி இறங்க, நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போதுமாம். வீரனுக்கு 1.2 கிராம். சில சுவிங்கங்களில் ஒரு துண்டிலேயே 1 கிராம் வரை இருக்கும். சீனி இல்லாதது எல்லாவற்றிலும் சைலிற்றோல் இருக்குமென்றில்லை. பக்கற்றில் பொடி எழுத்தில் ஈ 967 (E967) என்றிருந்தாலும் அதுதான். அந்த எழுத்து என் கண்ணுக்கு எட்டாது, பேரன்தான் வாசித்துச் சொன்னான்.

சொக்லேட்டில் பிரச்சினை வேறு. கொக்கோவில் இருக்கும் தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடம்பு மிக மெதுவாகத்தான் கழிக்கும். கறுப்புச் சொக்லேட்தான் கூடப் பொல்லாதது. வீரன் அளவு நாய்க்கு 50 கிராமே வருத்தம் வரப் போதும். பாற் சொக்லேட் என்றால் அதைவிடக் கூட வேண்டும், அதற்காகக் கொடுத்துப் பார்க்கிற விஷயமில்லை.

இனி என் வயிற்றில் நானே அடிக்கிற கதை. எங்களிடம் முந்திரிகைப் பந்தல், அதாவது திராட்சைப் பந்தல், இருக்கிறது. முந்திரிகைப் பழம் சில நாய்களின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். எந்த நாய்க்கு, எத்தனை பழத்தில் என்று கணக்கில்லை. புளியில் இருப்பதுபோல இந்தப் பழத்திலும் இருக்கும் தாட்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021இல் அமெரிக்க மிருக வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள். காய்ந்த பழம் இன்னும் மோசம். பொங்கலில் ஒரு வாய் சோறு நாயைக் கொல்லாது, அதற்குள் போடுகிற பிளம்சை, அந்தக் காய்ந்த முந்திரிகையைத்தான் சொல்கிறேன். றிச் கேக்கும் அப்படியே. கறுத்தக்கொழும்பான் மாம்பழச் சதை இரண்டு துண்டு கொடுக்கலாம், கொட்டையை மட்டும் போட்டுவிடாதீர்கள், குடலில் அடைக்கும்.

இன்னொன்று. அன்றைக்குப் பக்கத்து வீட்டு அண்ணை உப்புத் தண்ணீர் பருக்கச் சொல்லிச் செம்போடு வந்தார். நல்ல மனத்தோடு வந்தார்தான், ஆனால் உப்புக் கூடினால் அதுவே நாயைக் கொன்றுவிடும் என்று வைத்தியர் பிறகு சொன்னார்.

உங்கள் திருவிழாச் சிறப்பிதழில் இதற்கு ஒரு சின்னப் பெட்டி ஒதுக்கினால் நல்லது. மச்சாள் இந்த வருஷமும் வருகிறார். கைப்பையை மாட்ட அலுமாரிக்கு மேலே ஆணி அடித்தாயிற்று. பந்தலடியில் விழுகிற பழத்தைக் காலையில் கூட்டி அள்ளுவது என் வேலை.

ஒரு வாசகி,
உரும்பிராய்.